பக்குவம் யார் தருவது?

பேட்டரிக்கு மின்சாரம்தான் உயிர். அதே மின்சாரம் அதற்கு எமனாகவும் வரும். சீர்காழியில் இன்வெர்ட்டர், சோலார் பேட்டரி வேலை பார்க்கும் எனக்கு இது நாள்தோறும் கண்ணில் படுகிற விஷயம். ஒரு வீட்டில் வருடக்கணக்காக உழைத்த டியூபுலர் பேட்டரியைக் கழித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒரு ஜெல் பேட்டரியை வைப்பார்கள். சார்ஜர் மட்டும் பழையதே இருக்கும். சில மாதத்தில் ஜெல் பேட்டரியின் பக்கங்கள் உப்பிக்கொண்டு வரும். சார்ஜரில் கோளாறு இல்லை, பேட்டரியிலும் கோளாறு இல்லை. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். அங்கே சத்திநிபாதம், அதாவது உயிரின்மேல் இறைவனின் அருள் பதிவது, பற்றிய பாடம் நடந்த நாளிலிருந்து என்னை ஒரு கேள்வி விடவில்லை. இறைவன் உயிரின் பக்குவத்துக்குத் தக்கபடி அருளுகிறான் என்கிறது சித்தாந்தம். இப்படி அளந்து கொடுப்பதுதான் அருளா? யார், எவர் என்று பாராமல் பொழிவதல்லவா அருள்? அளந்து கொடுப்பவனைக் கணக்குப்பிள்ளை என்று சொல்லலாம், கருணைக்கடல் என்று எப்படிச் சொல்வது?

என் கைத்தொழில் இந்தக் கேள்விக்கு முக்கால்வாசி பதில் தருகிறது. மீதிக் கால்வாசியில்தான் உண்மையான சிக்கல். இரண்டையும் சொல்கிறேன்.

கார் பேட்டரியை அறுத்துப் பார்த்தால் உள்ளே மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும். சில விநாடிகளுக்குச் சில நூறு ஆம்பியரை அள்ளி வீசி வண்டியைக் கிளப்புவதுதான் அதன் வேலை. வண்டி ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அந்தக் கடனை அடைத்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரி வேறு பிறவி. இரவெல்லாம் மின்விசிறியையும் விளக்கையும் சுமந்து, பாதிக்கும் கீழே இறங்கி, மறுநாள் திரும்ப மேலே ஏறி, இதையே ஆயிரம் தடவைக்கு மேல் செய்யவேண்டும். அதனால் டியூபுலர் பேட்டரியின் பாசிட்டிவ் பக்கத்தில் ஈயக் கம்பிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கம்பியைச் சுற்றியும் நெய்த குழாய் ஒன்று இருக்கும், அதற்குள் ஈய ஆக்சைடு இறுக அடைபட்டிருக்கும். இறங்கி ஏறும்போது அந்தச் சரக்கு உதிர்ந்து கீழே போகாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர் அளவில் கரண்ட் தரும் சார்ஜர் வேண்டும். நல்ல சார்ஜர் மூன்று கட்டமாக வேலை செய்யும். பேட்டரி பசியோடு இருக்கும்போது முழுக் கரண்டையும் கொடுக்கும். எண்பது சதவீதம் வரை இப்படி விறுவிறுவென்று ஏறும். வோல்டேஜ் 14.4-ஐத் தொட்டதும் அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, பேட்டரி எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் வழிவிடும். கரண்ட் 15, 10, 5, 3 என்று இறங்கிக்கொண்டே வரும். கடைசி இருபது சதவீதத்துக்கு மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தினால் தகடு சூடேறும். நிறைந்த பிறகு சார்ஜர் 13.5 அளவுக்கு இறங்கி, தானாகக் கசிவதை மட்டும் ஈடுசெய்துகொண்டு பக்கத்திலேயே நிற்கும். இதை ஃப்ளோட் என்கிறோம்.

இது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. எங்கள் ஊரில் மே மாதம் மாடிப்படிக்குக் கீழே, காற்றுப் புகாத மூலையில் பேட்டரியை வைத்திருப்பார்கள். அங்கே 40 டிகிரி இருக்கும். ஒரு டிகிரி ஏறினால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைக்கவேண்டும். 15 டிகிரிக்கு 0.36 வோல்ட். 14.4 என்பது 14.0 ஆகிவிடும். ஜனவரியில் சரியாக இருந்த அளவு மே மாதத்தில் அதே பேட்டரியை வேகவைத்துவிடும்.

ஆளுக்கு ஆள் குணமும் மாறும். தண்ணீர் ஊற்றும் டியூபுலருக்கு இடையிடையே கொஞ்சம் அதிகமாகவே கொடுக்கவேண்டும். கனமான அமிலம் அடியில் தங்கிவிடும். 15 வோல்ட்டுக்கு மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டால்தான் குமிழிகள் கிளம்பி அமிலத்தைக் கலக்கும். ஜெல் பேட்டரிக்கு அந்தக் கொதிப்பே எமன். ஜெல்லுக்குள் கிளம்பிய குமிழி வெளியே போக வழியில்லாமல் அங்கேயே பள்ளமாகத் தங்கிவிடும், அந்த இடம் அதன்பின் வேலை செய்யாது. லித்தியம் பேட்டரிக்கு நிறைந்த பிறகு பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக ஊற்றும் ஃப்ளோட்டே தேவையில்லை. நிறைந்ததும் கையை எடுத்துவிடுவதுதான் அதற்குச் செய்யும் உபகாரம்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, அளந்து கொடுப்பது கஞ்சத்தனம் என்று என்னால் சொல்லமுடியாது. கடைசி மூன்று ஆம்பியரில் இருக்கும் அக்கறை முதல் பதினைந்து ஆம்பியரில் இருக்கும் அக்கறைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பார்க்கப்போனால் கொட்டுவதைவிடக் குறைக்கத்தான் அதிக கவனம் வேண்டும்.

சித்தாந்தம் சொல்வதும் இதற்கு நெருக்கமானதுதான். உயிர்களை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. ஆணவம் ஒன்றே உடையவர்கள் விஞ்ஞானகலர். ஆணவமும் கன்மமும் உடையவர்கள் பிரளயாகலர். மாயையும் சேர்ந்து மும்மலத்தோடு இருக்கும் நம்மைப் போன்றவர்கள் சகலர். முதல் வகையாருக்கு இறைவன் அறிவுக்குள் அறிவாய் நின்று உள்ளிருந்தே உணர்த்துகிறான். இரண்டாம் வகையாருக்குத் தன் திருமேனியோடு எதிரே வந்து நிற்கிறான். நமக்கு அந்தக் காட்சி தாங்காது. அதனால் நம்மைப் போலவே உண்டு உறங்கும் ஒரு மனிதராக, குருவாக வருகிறான். கொடுப்பது ஒரே ஞானம், கொடுக்கும் முறை மூன்று.

சகலருக்குள்ளும் எத்தனை வேறுபாடு! எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு, சம்பந்தருக்கு, மூன்று வயதில் பிரமதீர்த்தக் கரையில் ஞானப்பால் கிடைத்தது. அழுதார், கிடைத்தது. அப்பருக்கு அப்படியில்லை. சமண மடத்தில் தருமசேனராக இருந்தவரைச் சூலை நோய் குடலைப் பிடித்துத் திருகி, தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்குத் திரும்ப ஓடவைத்தது. சுந்தரரைத் திருமணப் பந்தலில் இறைவனே வழக்குப் போட்டுத் தடுத்தான். மாணிக்கவாசகர் குதிரை வாங்க அரசன் பணத்தோடு போனவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் மாட்டிக்கொண்டார். பாலைக் குடித்தவருக்கும் சூலையைப் பெற்றவருக்கும் கொடுத்த கை ஒன்றே. அப்பருக்கு அந்த நோய் இல்லாமல் முடிந்திருக்காது என்று அப்பரே நம்பினார். சம்பந்தக் குழந்தைக்குச் சூலையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதுவரைக்கும் எனக்குத் தடை ஒன்றும் இல்லை. தடையை எழுப்பியவர் காழிச்சீராம விண்ணகரத்துக்கு, நாங்கள் தாடாளன் கோயில் என்று சொல்கிற பெருமாள் கோயிலுக்கு, நாள் தவறாமல் போகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தென்கலை வைணவர். கடைக்கு டிஸ்டில்ட் வாட்டர் வாங்க வந்தால் அரைமணி நேரம் பேசாமல் போகமாட்டார்.

“தம்பி, பக்குவம் பார்த்துக் குடுக்கறான்னா, அது நம்ம பக்குவத்துக்குக் கிடைச்ச கூலிதானே? அதுல கிருபைக்கு என்ன வேலை?” என்றார்.

“கூலி இல்லை சார். தாங்குகிற அளவுக்குக் கொடுக்கிறது” என்றேன்.

“தாங்கமாட்டாதவன் என்ன பண்ணுவான்? அவனுக்குத்தானே அதிகமா வேணும்?”

அவர் பின்பற்றும் பிள்ளை லோகாசாரியார் மரபில், பெருமாளின் கிருபைக்கு நம் பக்கத்திலிருந்து காரணமே வேண்டாம். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதைப் போல, குட்டி செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வடகலையார் குரங்குக் குட்டியைக் காட்டுவார்கள். அது தாயை இறுகப் பற்றிக்கொள்ளவாவது வேண்டும் என்பார்கள். நூற்றாண்டுகளாக இரண்டு தரப்பும் இதை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு காலம் அறிவாளிகள் விடாத ஒரு வாதத்தில் இரு பக்கமும் ஏதோ உண்மை இருக்கவேண்டும்.

ஆசிரியர் கேட்டதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அது இன்னும் கசப்பானது. “பக்குவம் போதாது” என்ற சொல்லை இந்த நாட்டில் யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களையும் நாடார் ஒருவரையும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அழைத்துச் சென்றபோது, எதிர்த்தவர்களும் தகுதியைத்தான் பேசினார்கள். அளந்து கொடுப்பது நல்லது என்று ஒப்புக்கொண்ட மறுநிமிடமே, அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று கேட்டாகவேண்டும். பேட்டரிமேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்து அதன் நிலையைச் சொல்லும் மெக்கானிக்கை நான் கடைக்குள் விடமாட்டேன். மூடியைத் திறந்து, ஹைட்ரோமீட்டரை விட்டு, ஆறு செல்லிலும் கிராவிட்டி பார்க்கவேண்டும். பழைய, அழுக்குப் பிடித்த பேட்டரியில் ஆறு செல்லும் 1240 காட்டும். பளபளப்பான புதுப் பேட்டரியில் ஒரு செல் 1120-இல் படுத்திருக்கும். உள்ளே போய்ப் பார்க்காமல் தகுதி பேசுகிறவனுக்குத் தகுதியைப் பற்றி எதுவும் தெரியாது.

ஆனாலும் உள்ளே பார்த்து அளந்த பிறகும் ஆசிரியரின் கேள்வி அப்படியே நிற்கிறது. தாங்கவே மாட்டாதவனுக்கு என்ன வழி?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. எங்கள் பக்கம் தப்பித்தது. தெற்கே மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வேதாரண்யம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மூலம் அந்தப் பகுதி பேட்டரிகள் பல என்னிடம் வந்தன. இன்வெர்ட்டர் தானாக நின்ற பிறகும் விடாமல், பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்து போனுக்கு சார்ஜ் போட்டிருந்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? பிள்ளை எங்கே, தோப்பு என்ன ஆச்சு என்று கேட்க அந்தப் போன் ஒன்றுதானே இருந்தது. மீட்டரை வைத்தால் 5 வோல்ட், 4 வோல்ட். நாள்கணக்கில் காலியாகவே கிடந்ததால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிப்போயிருந்தது.

என்னிடம் அப்போது நல்ல தானியங்கி சார்ஜர் இருந்தது. மேலே சொன்ன மூன்று கட்டமும் தெரிந்தது, வெப்பம் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் தெரிந்தது. இந்தப் பேட்டரிகளை அதில் மாட்டினேன். 4 வோல்ட்டைப் பார்த்ததும், இங்கே பேட்டரியே இல்லை என்று முடிவுகட்டிச் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. கொஞ்சம் மேலே இருந்த வேறு சிலவற்றில் அது கரண்ட் தரத் தொடங்கியதுமே வோல்டேஜ் சர்ரென்று 14.4-க்கு ஏறியது. இறுகிய சல்ஃபேட் கரண்டை உள்ளே விடாததால் வரும் பொய் ஏற்றம் அது. சார்ஜர் அதை நிறைவு என்று எடுத்துக்கொண்டு பச்சை விளக்கைப் போட்டது. ஒன்றை இல்லை என்றது, இன்னொன்றை நிறைந்தது என்றது. அளப்பதில் அவ்வளவு தேர்ந்த கருவி, மிகவும் தேவையிருந்தவற்றுக்கு ஒரு ஆம்பியரும் கொடுக்கவில்லை.

கடையின் பின்பக்கத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் ஒன்று கிடந்தது. இரும்புப் பெட்டி, ஒரு திருகு, முள் அசையும் ஆம்பியர் மீட்டர், அவ்வளவுதான். எதிரே என்ன மாட்டியிருக்கிறது என்று அது கேட்காது. அதைக் கொண்டுவந்து, திருகை அடியில் வைத்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாக மாட்டினேன். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், அசைவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வேலை நடக்கிறதா இல்லையா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லமுடியாது. தகட்டுக்குள் எங்கோ ஒரு படிகம் கரைகிறது, அதன் வழியே கொஞ்சம் கரண்ட் நுழைகிறது, அந்தக் கரண்ட் அடுத்த படிகத்தைக் கரைக்கிறது. சாயங்காலம் முள் ஒரு கோடு ஏறியிருந்தது. மறுநாள் காலை 3 ஆம்பியர். அதன்பின் தானியங்கி சார்ஜரில் மாட்டினால் அது ஏற்றுக்கொண்டு தன் மூன்று கட்டத்தையும் ஒழுங்காகச் செய்தது. எல்லாப் பேட்டரியும் பிழைக்கவில்லை. சிலவற்றில் செல் ஷார்ட் ஆகியிருந்தது, பழைய ஈய விலைக்குத்தான் போயின. பிழைத்தவை அந்தப் பொங்கலுக்கு வேதாரண்யத்தில் விளக்கெரித்தன.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. வாங்கிக்கொள்ளும் திறன் முதலில், கொடுப்பது பிறகு என்று நான் வரிசை வைத்திருந்தேன். அங்கே நடந்தது நேர்மாறு. கொடுத்ததுதான் வாங்கும் திறனை உண்டாக்கியது. இந்தத் தொழிலின் பிறப்பிலேயே இது இருக்கிறது. 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே முதல் ஈய-அமில பேட்டரியைச் செய்தபோது அவரிடம் இருந்தவை வெறும் ஈயத் தகடுகள். அவற்றால் மிகக் கொஞ்சமே பிடித்துவைக்க முடிந்தது. அவர் மின்சாரத்தை ஏற்றினார், இறக்கினார், திரும்ப ஏற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஈயத்தின் மேற்பரப்பு மாறி, தகடு முன்னைவிட அதிகம் வாங்கிக்கொண்டது. 1881-இல் காமில் ஃபோர் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் வழியைக் கண்டுபிடித்து இந்த வேலையைச் சுருக்கினார். ஆனாலும் இன்றைக்கும் தொழிற்சாலையில் பசை பூசிய தகடு பேட்டரித் தகடாக வேண்டுமென்றால் முதல் மின்சாரம் ஏறியாகவேண்டும். அந்த முதல் கரண்ட் வரும்போது அங்கே பாசிட்டிவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. இரண்டையும் அதுதான் ஆக்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சாத்திரத்தைத் திரும்பப் படித்தபோது, நான் அவசரத்தில் தாண்டிப்போன இடம் கண்ணில் பட்டது. கேவல நிலையில் உயிர் ஆணவ இருளில் அறிவு, விருப்பம், செயல் எதுவும் இல்லாமல் கிடக்கிறது. அது எதையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றும் அதற்குத் தெரியாது. அந்த உயிருக்கு இறைவன் மாயையிலிருந்து தனு, கரணம், புவனம், போகம் என்று உடலையும் கருவிகளையும் உலகத்தையும் நுகர்ச்சியையும் கொடுக்கிறான். எந்த உடல் என்பதைக் கன்மம் தீர்மானிக்கலாம். கொடுக்கவே வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கருணை மட்டும்தான். அதன்பின் திரோதானம் என்ற மறைப்பாற்றலாக, தான் இருப்பதே தெரியாமல், பிறவிதோறும் கூடவே நின்று மலத்தைப் பக்குவப்படுத்துகிறான். மலம் முதிர்ந்த பிறகு வெளிப்படும் அருட்சத்தி வேறு யாரோ இல்லை, இத்தனை காலமும் மறைந்து நின்ற அதே சத்திதான். சத்திநிபாதத்தில் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று படி வைப்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கணக்கு. அளவில்லாமல் ஒன்று முன்னால் நடந்திருக்காவிட்டால் அளப்பதற்கு அங்கே ஆளே இல்லை.

ஆகவே பக்குவமும் கொடுக்கப்பட்டதுதான். யாரும் அதைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. சம்பந்தரின் மூன்று வயதுக்குப் பின்னாலும் முள் அசையாத எத்தனையோ காலம் இருந்திருக்கும். இதை ஒப்புக்கொண்டால், பக்குவத்தைக் காரணம் காட்டி ஒருவரை வாசலில் நிறுத்தும் உரிமை சைவனுக்குக் கிடையாது. தனக்கு யாரோ கொடுத்ததைக் காட்டி அடுத்தவருக்கு இல்லை என்று சொல்வது திருட்டு.

வடலூரில் வள்ளலார் 1867 மே 23-இல் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையவில்லை. அங்கே இலை போடுமுன் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஞானம் கொடுக்கும்போது தரம் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். பசித்தவனிடம் தரம் பார்த்தால் ஞானம் கொடுக்க ஆள் மிஞ்சமாட்டான்.

வேலைக்காகத் திருப்புன்கூர் போகும்போதெல்லாம் கோயிலுக்குள் போய், சந்நிதிக்கு நேர்கோட்டில் இல்லாமல் ஒதுங்கிக் கிடக்கும் நந்தியைப் பார்க்கிறேன். ஆதனூரிலிருந்து வந்த நந்தனார், தாழ்த்தப்பட்டவர் என்பதால் உள்ளே போகமுடியாமல், வெளியே நின்று எட்டிப் பார்த்தார். நந்தி மறைத்தது. விலகும்படி இறைவன் நந்தியிடம் சொன்னான், நந்தனாரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அதே நந்தனார் தில்லைக்குப் போனதும் தீயில் மூழ்கி வரவேண்டியிருந்தது என்று சேக்கிழார் எழுதுகிறார். திருப்புன்கூரில் நின்ற நிலையிலேயே ஏற்கப்பட்டவருக்குத் தில்லையில் ஏன் நெருப்பு?

இதை வகுப்பில் எழுந்து கேட்டேன். தீ நந்தனாரைச் சுத்தப்படுத்த எழுந்ததில்லை, தில்லைவாழ் அந்தணர் கண்ணிலிருந்த மறைப்பை எரிக்க எழுந்தது என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் ஐயா. நல்ல பதில்தான். ஆனால் மறைப்பு அவர்கள் கண்ணில் இருக்கும்போது தீயில் இறங்கியவர் ஏன் இவராக இருக்கவேண்டும்? அதையும் கேட்டேன். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனில் அருளுரு நிலை வாசிக்கும்போது இதை எடுத்துப் பேசுவோம், அதுவரை விடவேண்டாம் என்றார். தென்கலை ஆசிரியரிடமும் சொன்னேன். அந்த வகுப்புக்குத் தானும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்.